கையெழுத்து யாருடையது?

9,543 ஒப்புதல் படிவங்கள். அவற்றில் 1,948 படிவங்களில் கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்து முதல் பதினான்கு வயது வரையிலான சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்காகப் பெறப்பட்டவை இவை. நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72ஆம் அறிக்கை இந்தக் கணக்கைப் பதிவுசெய்திருக்கிறது.

நம் நாட்டு வளரிளம் பெண்களில் பலருக்கு இந்தத் தடுப்பூசி ஏன் போய்ச்சேரவில்லை என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்பது. அந்தச் சொல்லின்மீது எனக்கு நெடுநாளாகவே ஐயம் உண்டு. விழிப்புணர்வு இல்லை என்று சொல்லும்போது தவறு முழுவதும் தாய்மார்களின் தலையில் இறங்கிவிடுகிறது. சொன்னவர் கைகழுவிக்கொள்ளலாம். மக்கள் எதையும் அறியாமல் தயங்கவில்லை, சிலவற்றை அறிந்தே தயங்குகிறார்கள் என்ற எண்ணத்தோடு இந்தப் படிவங்களைப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இந்த நோய்க்கும் வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசன் 1980களின் முதற்பாதியில் கண்டறிந்தார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2006இல், தடுப்பூசி சந்தைக்கு வந்துவிட்டது. உடலுறவின் வழியே பரவும் வைரஸ் என்பதால், அது உடலுக்குள் வர வாய்ப்பு ஏற்படும் முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். ஒன்பது முதல் பதினான்கு வயது என்று வகுத்ததற்கு அதுவே காரணம். 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தார்கள். பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள்.

இனி கம்மத்துக்குப் போவோம்.

2008இல் இந்தியாவில் இரண்டு எச்.பி.வி. தடுப்பூசிகளுக்கு அனுமதி கிடைத்தது: மெர்க் நிறுவனத்தின் கார்டசில், கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் செர்வாரிக்ஸ். அடுத்த ஆண்டே ‘பாத்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து ஒரு செயல்விளக்கத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. ஊசிகளை நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தன. 2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்தின் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. பின்னர் குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில் சுமார் 10,000 பேருக்கு.

பத்ராசலம் ஆதிவாசிப் பகுதி. பிள்ளைகள் அரசு விடுதிகளிலும் ஆசிரமப் பள்ளிகளிலும் தங்கிப் படிப்பவர்கள். பெற்றோர் தொலைவில், காட்டிலும் வயலிலும் இருப்பவர்கள். அவர்களைத் தேடிப்போய் விளக்கி ஒப்புதல் வாங்க நேரமாகும். ஆகவே தலைமையாசிரியரும் காப்பாளரும் பாதுகாவலர் இடத்தில் நின்று கையெழுத்திடலாம் என்று மாநில அரசு வழிவகுத்துக் கொடுத்தது. ஒரு விடுதியின் சிறுமிகள் அத்தனை பேருக்கும் ஒருவரே பாதுகாவலர். நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் உடனிருக்கும் பொறுப்பு அந்தக் கையெழுத்துக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் பெண்கள் அமைப்பினர். டெல்லியைச் சேர்ந்த ‘சமா’ அமைப்பின் உண்மையறியும் குழு 2010 மார்ச்சில் பத்ராசலம் சென்றது. அதற்குள் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சில சிறுமிகள் இறந்துவிட்ட செய்தி பரவியிருந்தது. ஆந்திராவில் ஐவர், குஜராத்தில் இருவர். பிருந்தா காரத் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பினார். 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது.

இந்தப் பெண்கள் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு அனுபவம் இருந்தது. 1985இல் ஹைதராபாத் அருகே படான்செருவில், நெட்-என் என்னும் கருத்தடை ஊசியைச் சோதிப்பதற்கான முகாம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தது. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழியர் அங்கே போய், வந்திருந்த பெண்களிடம் ‘இது இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்று உங்களுக்குச் சொன்னார்களா?’ என்று கேட்டார்கள். சொல்லவில்லை. மறு ஆண்டு அந்த அமைப்பும் டெல்லியின் ‘சஹேலி’யும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். இன்னும் பின்னால் போனால், நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடை இருக்கிறது. ஏழை உடலுக்கு வெளியிலிருந்து ஒரு நன்மை வருகிறது என்றால், அதன் கையில் ஓர் ஊசியோ கத்தியோ இலக்கு எண்ணிக்கையோ இருக்கும் என்பது இந்த நாட்டு மக்கள் அனுபவத்தில் கற்றது.

எனவே கம்மத்தில் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை. விசாரணைக் குழு அந்த ஏழு சாவுகளையும் ஆராய்ந்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, காய்ச்சல் என்று காரணங்கள் பதிவாயின. அவற்றுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையிலும், பக்கவிளைவுகளைக் கண்காணிப்பதிலும் பெரிய குறைகள் இருந்தது உறுதியானது. நிலைக்குழு இன்னும் கடுமையாகப் பேசியது. கல்பனா மேத்தா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் எந்த அளவுக்குக் கையாளலாம் என்ற கேள்விக்கானது. கம்மத்துச் சிறுமியிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி அங்கே முன்னால் வரவில்லை.

பூச்சிமருந்து குடித்த பெண் ஏன் குடித்தாள்? பாம்பு கடித்த பெண்ணுக்கு விஷமுறிவு மருந்து எத்தனை மைல் தொலைவில் இருந்தது? அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமில்லை என்று தெரிந்ததும் அவற்றின்மீதான அக்கறையும் முடிந்துபோனது. ஊசியோடு தொடர்புடையதாக இருந்தவரைதான் அவர்களின் மரணம் செய்தி.

வரலாறு மக்கள் நினைவில் தங்கும்போது சுருங்கிவிடும். கம்மத்தின் கதையில் இரண்டு பகுதிகள் இருந்தன: சிறுமிகளிடமும் பெற்றோரிடமும் முறையாகக் கேட்காமல் ஊசி போட்டார்கள் என்பது ஒன்று, சிறுமிகள் இறந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் பகுதி உதிர்ந்துபோய், ‘ஊசி போட்டுப் பிள்ளைங்க செத்துப்போச்சாம்’ என்ற ஒற்றை வரி நின்றது. ஒப்புதல் பற்றிய கேள்வி மருந்தின் மீதான அச்சமாக உருமாறியது. அந்த அச்சம் அரசுக்கும் வசதியாகிப்போனது. முறையாக விளக்கி, முறையாகக் கேட்டு, முறையாகக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தைக் கட்டுவதைவிடத் திட்டமே இல்லாமல் இருப்பது எளிது.

அந்த நிறுத்தத்தின் விளைவு ஒன்று விந்தையானது. கம்மம் திட்டத்தோடு தொடர்பில்லாத மற்றோர் ஆய்வு அதே 2009 செப்டம்பரில் இந்தியாவின் ஒன்பது இடங்களில் தொடங்கியிருந்தது. அவற்றில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதே நோக்கம். 2010 ஏப்ரலில் வந்த தடை அதையும் நிறுத்தியது. ஆய்வில் சேர்ந்த 17,729 பெண்களில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை, பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. வைரஸின் 16, 18 வகைகள் உடலில் நிலைத்துத் தங்குவதைத் தடுப்பதில் ஒரு தவணையே 95 விழுக்காடு பலன் தந்திருந்தது. இரண்டும் மூன்றும் தந்த அதே அளவு பலன். ஒரே தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டதற்குத் துணைநின்ற சான்றுகளில் இதுவும் ஒன்று. பாதியில் நிறுத்தப்பட்ட நம் பெண்களின் உடல், உலகத்துச் சிறுமிகளுக்கெல்லாம் ஊசியை மலிவாக்கியது. அவர்களின் தங்கைகளுக்கோ அப்போதும் அந்த ஊசி அரசுத் திட்டத்தில் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் காத்திருக்கவில்லை. பூட்டான் 2010இல் நாடு முழுவதும் தொடங்கியது, ருவாண்டா 2011இல், இலங்கை 2017இல். இங்கே டெல்லியும் பஞ்சாபின் இரு மாவட்டங்களும் 2016இல் முயன்றன. சிக்கிம் 2018இல் தொடங்கியது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசியான செர்வாவாக்குக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 2024 பிப்ரவரியில் மத்திய இடைக்கால நிதிநிலை அறிக்கை ஒன்பது முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு இதை ஊக்குவிப்போம் என்றது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை, பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடப்படும் என்று அறிவித்தது. 2010இல் பத்து வயதாக இருந்த பெண்ணுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

பெண்ணிய இயக்கத்தின் உள்ளேயும் இந்த இடத்தில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலை அதிகமான இந்த ஊசிக்கு முன்னால், வளர்ந்த பெண்களுக்கான பரிசோதனையைப் பரவலாக்குங்கள் என்று அன்று பலர் வாதிட்டார்கள். சரியான வாதம். அதே திண்டுக்கல் மாவட்டத்தில், வினிகரில் உள்ள அமிலத்தைக் கருப்பைவாயில் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, இந்நோயால் வரும் சாவுகளை 35 விழுக்காடு குறைத்ததை 2007இலேயே ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. ஊசி வேண்டாம், பரிசோதனை வேண்டும் என்றோம். ஊசி நின்றது, பரிசோதனையும் வரவில்லை. ஒரு திட்டத்தை நிறுத்தும் அளவுக்கு நமக்குக் குரல் இருந்தது. அதன் இடத்தில் நல்லதொன்றைக் கொண்டுவரும் அளவுக்கு அந்தக் குரலை நாம் நீட்டித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது தவறாகாது.

அரசு நின்ற இடத்தில் சந்தை நின்றது. நகரத்துக் குழந்தைகள் மருத்துவரிடம் சில ஆயிரம் ரூபாய்க்கு ஊசி கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆதிவாசிச் சிறுமிக்கு ஆபத்து என்று நிறுத்தப்பட்ட மருந்து, பணமுள்ள வீட்டுச் சிறுமிக்கு எந்தத் தடையுமின்றிப் பாதுகாப்பாகியது. நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். உயர்ந்த கைகளை ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்களில் ஒருத்தியும் இல்லை. ஒரு மாணவி வகுப்பு முடிந்தபின் வந்து, “வீட்டுல இதை எப்படி மேம் கேக்குறது? ‘எதுக்குடி உனக்கு அது’ன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது?” என்றாள்.

அவள் கேள்வியில் இன்னொரு வரலாறு இருக்கிறது. ‘கர்ப்பப்பை’ என்று நாம் சொல்லும் சொல்லையே பாருங்கள். ஒரு பெண்ணின் உறுப்புக்கு, அவள் இனிமேல் சுமக்கப்போகும் கர்ப்பத்தை வைத்தே பெயர். தமிழில் கருப்பை என்றாலும் அதே கதைதான். பத்து வயதுக் குழந்தைக்குக் ‘கர்ப்பப்பை ஊசி’ என்றால் தாய்க்குத் தூக்கிவாரிப் போடத்தானே செய்யும்? பிள்ளை பிறக்காமல் செய்துவிடுவார்களோ என்ற அச்சம் அந்தச் சொல்லிலிருந்தே கிளம்புகிறது. 2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாமின்போது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் எவ்வளவு வேகமாகப் பரவின, எத்தனை பெற்றோர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கினார்கள் என்பது நமக்கு நினைவிருக்கும். கர்ப்பம், உடலுறவு என்ற பேச்சே இல்லாத ஊசிக்கே அந்தப் பாடு.

அடுத்தது ஒழுக்கம். உடலுறவால் பரவும் வைரஸ் என்று சொன்னதும், ‘எங்க வீட்டுப் பொண்ணு அப்படி இல்லை’ என்ற பதில் வந்துவிடும். கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் இந்த வைரஸ் வரும் என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் உரக்கச் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு கணவன் பக்கம் திரும்பிவிடும். பெண் வயதுக்கு வந்ததை ஊரறியப் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, பேனர் கட்டி விழா எடுக்கும் வீட்டில், அதே கருப்பையைப் பற்றி அதே பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசக் கூச்சம். விழா அவள் உடலை ஊருக்கு அறிவிக்கிறது. அவளுக்கு எதையும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் மேல், பள்ளியில் போடும் ஊசி பள்ளியில் இருப்பவளுக்குத்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள், பெற்றோருடன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ இடம்பெயர்ந்தவள், முகாம் நடக்கும் நாளில் மாதவிடாயால் வீட்டில் இருந்தவள் ஆகியோர் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று மட்டும் இருப்பார்கள். மறுத்தவளுக்கும் விடுபட்டவளுக்கும் ஒரே குறி.

சிக்கிமில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிறிய மாநிலம் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே ஊசிக்கு முன்னால் பேச்சு போனது. ஆசிரியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, பெற்றோரிடம் பேசி, சந்தேகங்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பள்ளிகளில் ஊசி போட்டார்கள். உரிய வயதுச் சிறுமிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். கம்மத்தில் மிச்சப்படுத்திய நேரத்தை அங்கே செலவிட்டார்கள்.

இதுவரை அரசு, நிறுவனங்கள், இயக்கம், ஊர் என்று எல்லோரையும் பேசிவிட்டேன். என்னையும் பேசிவிடுகிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது நானும் பணம் கட்டி இந்த ஊசியைப் போடவைத்தேன். மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். கம்மம் பற்றிய அறிக்கையைப் பலமுறை வாசித்தவள் நான். வண்டியில் திரும்பும்போது, தோளைத் தடவிக்கொண்டே மகள் கேட்டாள், “இது எதுக்கும்மா?” அவளிடம் நான் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று என் வாயில் வந்த பதில், அந்தக் காப்பாளர்களும் சொல்லியிருக்கக்கூடிய பதில். அன்றிரவு ஒரு தாளில் படம் வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேனே” என்றாள்.

கம்மத்துச் சிறுமிக்கு யாரோ கையெழுத்திட்டார்கள், ஊசி போடப்பட்டது. இன்று ஒரு சிறுமிக்கு அப்பா கையெழுத்திட மறுக்கிறார், ஊசி போடப்படவில்லை. விளைவு எதிரெதிர். அவள் இடம் மட்டும் மாறவில்லை. அவள் கையை நீட்டச் சொன்னபோதும் மடக்கச் சொன்னபோதும் அவளுக்கு விளக்கம் கிடையாது. ஊசியை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நடுவிலான சண்டை அவள் தலைக்கு மேலே பெரியவர்களுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

மருத்துவ ஆய்வுகளுக்கான 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை வலியுறுத்துகிறது. ஆய்வில் சேர்க்கப்படும் குழந்தை ஏழு வயதைக் கடந்திருந்தால், பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் அது எழுத்தில் வேண்டும். ஆய்வுக்கு வகுத்த இந்த நாகரிகத்தைத் தடுப்பூசி முகாமுக்கும் கொண்டுவந்தால் என்ன? படிவத்தில் பெற்றோரின் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு. ‘இது என்ன ஊசி, எதற்காக என்று எனக்குச் சொன்னார்கள்’ என்று எழுதி, பதினான்கு வயதுப் பெண் தன் பெயரைத் தானே எழுதட்டும். அந்தக் கோடு இருந்தால், யாரேனும் ஒருவர் அவளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால் அவள் வீட்டில் போய்ச் சொல்வாள். அம்மாவுக்குச் சொல்வாள், அம்மாவைப் பரிசோதனைக்கும் கூப்பிடுவாள்.

அடுத்த முறை உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ தெருவுக்கோ அந்தப் படிவம் வரும்போது, அதில் எத்தனை கையெழுத்துகளுக்கு இடமிருக்கிறது என்று பாருங்கள்.